பெட்டி பிரிக்கும் நாளில் பிறக்கும் கேரண்டி

அனுப்புநர்:
சைராகுல் மாமீதோவா,
ராஜ்மா விவசாயி,
கோக்-புலாக் கிராமம், தலாஸ்.

பெறுநர்:
நுகர்வோர் பாதுகாப்பு அதிகாரி அவர்கள்,
தலாஸ்.

பொருள்: சந்தைத் தெரு பூபுசாராவின் வீட்டுச் சாதனக் கடை மீது வந்துள்ள புகாரைத் தள்ளுபடி செய்யக் கோரியும், அந்தப் புகாரின் மீதே புகார் தெரிவித்தும்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. பூபுசாரா அம்மையாரின் கடையை மூடுவதா என்று வரும் திங்களன்று தாங்கள் விசாரிக்க இருப்பதாக அவர் கடைக் கதவில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. நிறுவனத்தின் அட்டையில் ஓராண்டு என்றிருக்க, இவர் தம் இஷ்டத்துக்கு வேறு கேரண்டி சொல்லி மக்களை ஏமாற்றுகிறார் என்று எதிர்வரிசைப் பெரிய கடைக்காரர்கள் எழுதிக் கொடுத்திருக்கிறார்களாம். அப்படி 'ஏமாந்தவர்களில்' நானும் ஒருத்தி. ஆகவே என் தரப்பையும் கேட்டருள வேண்டுகிறேன்.

2. நம் பக்கத்து வழக்கம் தாங்கள் அறியாததல்ல. பெண்ணுக்குச் சீர் சேர்ப்பது கல்யாணம் நிச்சயமான பிறகு அல்ல. ராஜ்மாவுக்கு நல்ல விலை கிடைக்கிற ஆண்டில். மூத்தவள் சால்கின் பள்ளியில் படிக்கும்போதே துணி துவைக்கும் மிஷின் வாங்கிவிட்டோம். பெட்டியைப் புகுந்த வீட்டில்தான் பிரிக்க வேண்டும். முன்பே பிரித்தால் பழைய சாமானைத் தலையில் கட்டினார்கள் என்று பேச்சு வரும். ஆகவே அதன் மேல் மெத்தைகளை அடுக்கி வைத்தோம். வாங்கிய அன்றே பூபுசாராவிடம், "கல்யாணம் எப்போ ஆகுமோ, அதுவரைக்கும் கேரண்டி உசுரோட இருக்குமா?" என்று கேட்டேன். "பெட்டியப் பிரிக்கிற அன்னிக்குத்தான் கேரண்டி பொறக்குது. பொறக்காதது எப்படிச் சாகும்?" என்றார். வியாபாரப் பேச்சு என்றே நினைத்தேன்.

3. சென்ற மாதம் சால்கினுக்குத் திருமணம். சீர் கொண்டுபோன அன்று, சம்பந்தி வீட்டுப் பெண்கள் சூழ்ந்து நிற்க, பெட்டி பிரிக்கப்பட்டது. மிஷின் ஓடத் தொடங்கியதும் அதன் கதவோரமாகத் தண்ணீர் கொட்டி, சம்பந்தியம்மா தம் கையால் தைத்த கம்பளி விரிப்பில் குளம் கட்டி நின்றது. "சீரு ஆறா ஓடி வருதே சம்பந்தி, ஆட்டக் குளிப்பாட்டிக்கலாம் போல" என்றார் அவர். எல்லோரும் சிரித்தார்கள். தண்ணீரைத் துடைக்கக் குனிந்த என் மகள் நெடுநேரம் நிமிரவில்லை.

4. நிறுவனத்தின் சர்வீஸ் சென்டருக்குப் போனேன். மரியாதையாகத்தான் பேசினார்கள், அதையும் சொல்லியாக வேண்டும். "வாங்கின தேதியில இருந்து ஒரு வருஷம்தான்க்கா. மிஷின் தூங்கினதும் கணக்குல சேரும்" என்றார்கள். அன்றுதான் கேரண்டி அட்டையை முழுதாகப் படித்தேன். எப்போது வருவார்கள் என்பது ஒரு வரி. எப்போதெல்லாம் வரமாட்டார்கள் என்பது இரண்டு பக்கம்.

5. பூபுசாராவை மிகைப்படுத்திப் புகழ நான் வரவில்லை. விலையில் ஒரு சோம் காசுகூட இறங்க மாட்டார். வாயும் காரம். நடந்ததைச் சொன்னதும், "இத்தன வருஷம் மெத்தைக்கு அடியில அமுக்கி வச்சா கதவு ரப்பர் காயாம பூவா பூக்கும்?" என்று கடை நிறைய ஆட்கள் இருக்கும்போதே திட்டினார். திட்டிக்கொண்டே கடையைப் பூட்டினார். மெக்கானிக்கையும் புது ரப்பரையும் தம் பழைய காரில் ஏற்றிக்கொண்டு, பனி கொட்டும் மலைப் பாதையில் என்னோடு சம்பந்தி வீட்டுக்கு வந்தார். அவர்கள் நீட்டிய ரொட்டியில் ஒரு துண்டு பிட்டு வாயில் போட்டுக்கொண்டு, மிஷினைப் பார்ப்பதற்கு முன்பே சொன்னார்: "வித்தவ நான். கொறை இருந்தா என்னையச் சொல்லுங்க. பொண்ணையும் பெத்தவளையும் ஒண்ணும் சொல்லாதீங்க."

இந்த வரி எந்த கேரண்டி அட்டையிலும் அச்சாகி நான் பார்த்ததில்லை. மிஷின் ஒரு சொட்டுச் சிந்தாமல் ஓடியது. சம்பந்தியம்மா தம் தலைத்துணியையே அவிழ்த்து அதில் துவைக்கப் போட்டார். சால்கின் எல்லோருக்கும் தேநீர் ஊற்றினாள். அன்று அவள் முகத்தைப் பார்த்த பிறகுதான் எனக்குத் தூக்கம் வந்தது.

6. பூபுசாரா அட்டையில் உள்ளதைக் குறைத்துச் சொல்லவில்லை; கூட்டித்தான் சொன்னார், சொன்னபடி செய்தும் காட்டினார். கூடுதலாகக் கொடுப்பது எப்படி ஏமாற்று ஆகும் என்று எனக்கு விளங்கவில்லை. பொருள் கெடாது என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. கெட்டால் நான் வருவேன் என்றுதான் கொடுக்க முடியும். அவர் வந்தார்.

7. என் இளையவளுக்கும் அதே கடையில் வாங்கிய பெட்டி எங்கள் வீட்டில் நிற்கிறது. அவளுக்கு இப்போது பதின்மூன்று வயது. அது பிரிக்கப்படும் நாளில் அந்தக் கடை திறந்திருக்க வேண்டும். ஆகவே புகாரைத் தள்ளுபடி செய்து, கதவில் உள்ள நோட்டீஸைக் கிழித்தெறிய உத்தரவிடுமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

பிரிக்காத பெட்டியோடு காத்திருக்கும்,
சைராகுல் மாமீதோவா (ஒப்பம்)

இடம்: தலாஸ்
நாள்: 12.12.2023

பின்குறிப்பு: மனுவைக் கொடுக்க வந்தபோது தங்கள் அலுவலக வாசற்காவலர் திரு. தூர்தகுன் இதை வாங்கிப் படித்தார். "எம் பொண்ணுக்கு வாங்கின ஃபிரிட்ஜும் பெட்டியோடதான் நிக்குது. அந்தக் கடைய மூடிட்டா நான் எங்க போய் நிக்கிறது? பேனாவக் குடுக்கா" என்று கேட்டு, கீழே தாமும் கையெழுத்திட்டிருக்கிறார். இந்த அலுவலகத்தில் இன்னும் யார் யார் வீட்டில் பூபுசாரா கடைப் பெட்டிகள் பிரிக்கப்படாமல் இருக்கின்றன என்றும் சொன்னார். எழுத வேண்டாம் என்று அவர் கேட்டுக்கொண்டதால், தங்கள் வீட்டைப் பற்றி ஐயா அவர்களுக்கே தெரிந்ததை நான் இங்கே எழுதவில்லை.