செருப்போடு ஓடியவள்

அக்கா,

இன்று காலை சிலிபின் சந்தையில் செருப்புக் கடையைத் தாண்டும்போது புது ரப்பர் வாடை மூக்கில் ஏறியது. நிற்காமல் நடந்தேன். கடைக்காரி நம் பீடோர் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள், விடுவாளா? ஒரு ஜோடி சிலிப்பரைத் தூக்கிக் காட்டி, "யாரு காலுக்கு மாட்டி விடப் போறீங்க? அந்த நாடகத்துல வாரது நீங்கதானே லா?" என்றாள். காய் பொறுக்கிக்கொண்டிருந்தவர்களும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். வீட்டுக்கு வந்து உங்களைப் பிடித்துக் கத்தலாம் என்றால் நீங்கள் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

நீங்கள் கண்மூடிய பிறகு உங்கள் கதை தொலைக்காட்சியில் நகைச்சுவைத் தொடராக வருகிறது. தோட்டத்துத் திருவிழா மேடைகளில் ஆண்களே பெண் வேஷம் கட்டிய காலத்தில், சேலையை வரிந்து கட்டிக்கொண்டு ஏறி ஊரைச் சிரிக்க வைத்த பெண்ணின் கதை. முதல் வாரம் பார்த்தபோது பெருமையில் எனக்குக் கண் கலங்கியது. போனில் எங்கள் குடும்பக் குழுவில் உங்களைத் தலைமேல் தூக்கி வைத்து ஆடினார்கள். காம்பாரில் படிக்கும் என் பேத்தி, "இப்படி ஒருத்தங்க நம்ம ஊர்ல இருந்தாங்களா?" என்று எழுதியிருந்தாள். நாயகியின் பின்னாலேயே ஒரு அசட்டுத் தோழி வருகிறாள். பெயரை மாற்றியிருந்தாலும் அது நான்.

நம் வேலையை ஓரளவு சரியாகவே காட்டுகிறார்கள். எந்தத் தோட்டத்துக்கு நாடகம் போடப் போனாலும் மத்தியானமே நான் லயத்து வரிசை வீடுகளின் குழாயடிக்குப் போய்விடுவேன். துணி துவைக்கும் பெண்களோடு உட்கார்ந்து, கணக்கு எழுதும் கிராணி எப்படி மூக்கை உறிஞ்சுவார், வேலை வாங்கும் மண்டோர் எந்த வீட்டு முன்னால் சைக்கிள் மணி அடிப்பார் என்றெல்லாம் கேட்டு வருவேன். சாயங்காலம் நீங்கள் அதை மேடையில் செய்து காட்ட, முன்வரிசையில் கிராணி நெளிவார். ஆனால் புருஷன் அடித்ததைச் சொல்லி அழுதவளின் கதையை நாம் ஒருநாளும் மேடையேற்றியதில்லை. "சிரிச்சத மட்டும் எடு புள்ள. அழுதத தொடாத" என்பீர்கள். அது நீங்களே போட்ட சட்டம்.

என்னைப் பெண் பார்க்க வந்த நாளின் கதைக்கு மட்டும் அதை எப்படி மறந்தீர்கள்? நானும் சின்ன வேஷம் கட்டுகிறவள் என்று தெரிந்ததும் மாப்பிள்ளையின் தாய் தேத்தண்ணியைத் தொடாமல் எழுந்தாள். வாசலில் குவிந்து கிடந்தவற்றில் என் அம்மாவின் செருப்பை மாற்றி மாட்டிக்கொண்டு போய்விட்டாள். அவளுடையதைக் கையில் எடுத்துக்கொண்டு நான் பின்னால் ஓடினேன். நான் ஓடியதை லயமே பார்த்தது. பால்மரங்களுக்கு நடுவே பாதை வளைந்து லயம் மறையும் இடத்தில் அவளைப் பிடித்தேன். மண்டியிட்டு, செருப்பை அவள் காலில் மாட்டி, "இனிமே மேடை ஏற மாட்டேம்மா" என்று கெஞ்சினேன். அவள் காலை இழுத்துக்கொண்டு நடந்தாள்.

அன்று உங்களிடம் மட்டும்தான் சொன்னேன். நீங்கள் என் முகத்தைத் துடைத்துவிட்டு வெளியே போய், "செருப்பால அடிக்கத்தான் ஓடினா, தப்பிச்சிட்டாங்க" என்று லயம் முழுக்கச் சொன்னீர்கள். அதற்குப் பிறகு யாரும் என்னைச் சீண்டவில்லை. பின்னால் என்னைக் கட்டியவர்கூட, "என் பொஞ்சாதி செருப்பு தூக்குனவ" என்று பெருமையாகச் சொல்லித் திரிந்தார். என் மகளும் அதைக் கேட்டுத்தான் வளர்ந்தாள்.

போன வாரம் அந்தப் பாதை வளைவு தொலைக்காட்சியில் வந்தது. மண்டியிட்டது, மாட்டியது, கெஞ்சியது, ஒன்றும் விடவில்லை. பின்னால் கோமாளி வாத்தியம் வேறு. "கால்ல விழுற சீன திரும்பத் திரும்பப் பார்த்தேன் லா, வயிறு வலிக்குது" என்று இணையத்தில் ஒருவர் எழுதியிருந்தார். "இவளுக்கு மானமே இல்லையா?" என்று இன்னொருவர். சோபாவில் என் பக்கத்தில் உட்கார்ந்து மகளும் விழுந்து விழுந்து சிரித்தாள். "என்னம்மா இவ இப்படிக் கெஞ்சுறா?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். அது நான் என்று அவளுக்குத் தெரியாது. நான் எழுந்து பாத்திரம் கழுவப் போனேன். நாளைக்கு அவள் சந்தைக்குப் போனால் அந்தச் செருப்புக் கடைக்காரி வாயை மூடிக்கொண்டு இருப்பாளா?

தொடருக்குக் கதை எழுதும் பெண் உங்களைப் பேட்டி எடுக்க வந்த அன்று நானும் உங்கள் வீட்டில்தான் இருந்தேன். தேத்தண்ணி கலக்கச் சொல்லி என்னை அடுப்படிக்கு அனுப்பினீர்கள். அப்போதுதான் சொன்னீர்களா, அக்கா? அவள் சிரித்தது அடுப்படி வரைக்கும் கேட்டது. என்னவோ பழைய கதை என்று நானும் சேர்ந்து சிரித்தேன்.

நேற்று அந்தப் பெண் போன் செய்தாள். தொடர் இன்னும் நீளுமாம். "அவங்களப் பத்தி யாருக்கும் தெரியாத ஒன்னு இருந்தா சொல்லுங்களேன் ஆண்ட்டி."

இருக்கிறது. நீங்கள் என்னிடம் மட்டும் சொல்லி அழுதது, எதுவென்று உங்களுக்குத் தெரியும். ஊர் எங்கே சிரிக்கும் என்று தேடிப் பிடித்துத் தந்தவள் நான். அதைச் சொன்னால் எந்த இடத்தில் சிரிப்பார்கள் என்றும் எனக்குத் தெரியும். வாயைக்கூடத் திறந்துவிட்டேன். பிறகு, "ஒன்னும் இல்லம்மா" என்று போனை வைத்தேன்.

பாசத்தில் செய்தேன் என்று நினைக்காதீர்கள், கோபம் ஆறவில்லை. ஆனாலும் உங்கள் கதை என்னிடம் பத்திரமாக இருக்கிறது. என் கதையும் உங்களிடம் அப்படி இருந்திருக்கலாம், அக்கா.