சூடான தகரத்தில் இரண்டு சொட்டு

மச்சான்,

இன்று காலை ஈப்போ புந்தோங்கில் என் பட்டறை வாசலில் ஒரு பழைய கார் வந்து நின்றது. வண்டி கண்ணில் படுவதற்கு முன்பே நாற்றம் வந்துவிட்டது. எண்ணெய் கருகும் நாற்றம். பின்னால் நீலப் புகை கோயில் மதில் வரைக்கும் நீண்டு கிடந்தது. அது மூக்கில் ஏறியதும் உன் நினைவு வந்தது, கூடவே கோபமும் வந்தது. நீ செத்து நாலு வருஷம் ஆகிறது. எஞ்சின் தேய்கிறது, டயர் தேய்கிறது, இந்தக் கோபம் மட்டும் தேயமாட்டேன் என்கிறது.

வண்டியை ஓட்டி வந்தவர் பாகான் செராயில் ஓர் அரிசிக்கடை ராவுத்தருக்கு டிரைவர். நம் வயதுதான் இருக்கும். ராவுத்தர் அந்தக் காரை ஏதோ ஒரு துரையிடமிருந்து வாங்கியிருக்கிறார். "பொகையா தள்ளுது அண்ணே. பொஸ்தகத்துல போட்டிருக்க எண்ணதான் ஊத்துறேன், ஒரு சொட்டு மாத்தல" என்று சொல்லி, சட்டைப் பையிலிருந்து ஒரு சின்னப் புத்தகத்தை எடுத்து மரியாதையாக நீட்டினார். நான் அதைப் பிடுங்கி மேசைமேல் எறிந்தேன். பாவம், மனுஷர் ஓரடி பின்னால் போய்விட்டார். என் கோபம் அவர்மேல் இல்லை என்று அவருக்கு எப்படித் தெரியும்?

நாம் வேலை பார்த்த ரப்பர் தோட்டத்துக் காரும் இதே மாதிரி ஒரு கிழம்தான். பெரிய சண்டைக்கு முன்னால் பெரிய துரை வாங்கியது. கோப்பெங்குக்கும் ஈப்போவுக்கும் போய்ப் போய்த் தன் ஆயுசை முடித்துக்கொண்டது. அதை ஓட்டியவன் நீ. நான் ரப்பர் ஆலையில் எஞ்சின் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் மத்தியானம் நீ எண்ணெய் டின்னைத் தூக்கிக்கொண்டு வந்து என் முன்னால் வைத்தாய். "பெட்ரோல் குடிக்கிற மாதிரி எண்ணையும் குடிக்குது மச்சான். ஈப்போ போயிட்டு வாரதுக்குள்ள ரெண்டு வாட்டி எறங்கி ஊத்துறேன். பெரிய சூசா லா, தொல்ல தாங்கல" என்றாய்.

ஆலைக்குப் பின்னால் வெயிலில் காய்ந்த ஒரு தகரத்தைச் சாய்த்து வைத்தேன். உன் டின்னிலிருந்து ஒரு சொட்டு, என் எஞ்சினுக்கு ஊற்றும் கெட்டி எண்ணெயில் ஒரு சொட்டு, இரண்டையும் மேலே ஒரே வரிசையில் விட்டேன். எண்ணெய்களுக்கு ஓட்டப்பந்தயம் வைக்கிறேன் என்று நீ சிரித்தாய். உன் சொட்டு தண்ணீராய் ஓடி மண்ணில் விழுந்தது. என் சொட்டு பாதித் தகரம்கூட இறங்கவில்லை. எஞ்சினுக்குள் இதைவிடச் சூடு என்றேன். ரிங்கும் சிலிண்டரும் தேய்ந்து நடுவில் சந்து விழுந்துவிட்டால் நீர்த்த எண்ணெய் அதன் வழியே ஏறி எரிந்துபோகும், அதுதான் உன் நீலப் புகை என்றேன். "பொத்தல் சாக்குல மணல அள்ளுற. கல்லு அள்ளு, நிக்கும்." நீ தகரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாய்.

உன் காருக்குக் கெட்டி எண்ணெய் வேண்டும் என்று கேட்டால் ஸ்டோர் கணக்கு எழுதும் கிராணி தருவானா? காருக்கு இது, ஆலைக்கு அது என்று அவனிடம் எழுதியே இருந்தது. அதனால் சனிக்கிழமைதோறும் என் எஞ்சின் பங்கிலிருந்து ஒரு டின் எடுத்துக் கொடுத்தேன். இரண்டு வாரத்தில் புகை அடங்கியது. அந்த மழைக்காலம் முழுக்க வண்டி ஓடியது. "கெழவி கொமரி ஆயிட்டா லா!" என்று நீ ஆலைக்கு வெளியிலிருந்து கத்தினாய். காலையில் ஸ்டார்ட் செய்ததும் விரட்டாதே, கெட்டி எண்ணெய் மேலே ஏறக் கொஞ்சம் நேரம் கொடு, எண்ணெய் மட்டம் காட்டும் அளவுக் கம்பியைத் தினம் இழுத்துப் பார் என்று நான் சொன்னதை எல்லாம் நீ ஒழுங்காகக் கேட்டாய். என் பேச்சைக் கேட்கும் மனுஷனாக இருந்தாய் என்பதுதான் எனக்கு இன்னும் எரிகிறது.

பிறகு பெரிய துரைக்கு உதவியாகச் சீமைக் கப்பலிலிருந்து இறங்கி வந்தான் அந்தச் சின்ன துரை. காருக்குள்ளே கிடந்த புத்தகத்தை எடுத்துப் படித்தான், அளவுக் கம்பியை உருவிப் பார்த்தான். அவ்வளவுதான். "புக்கில் லேசு எண்ணெய் போட்டிருக்கு. இதை எல்லாம் எடு. மண்ணெண்ணெய் ஊத்திக் களுவு" என்று உத்தரவு போட்டான். நீ என்னிடம் ஓடி வந்தாய். நான் ஆலை அதிரக் கத்தினேன். "அந்தப் பொஸ்தகம் வண்டி புதுசா இருந்தப்ப எழுதுனது! வண்டிக்குத்தான் வயசாச்சு, பொஸ்தகத்துக்கு ஆகல! மண்ணெண்ண ஊத்தினா மிச்சம் இருக்கற எண்ணையும் நீத்துப் போயிரும். போய்ச் சொல்லு!"

"தொர சொன்னப்பறம் நான் என்னத்த மச்சான் சொல்ல?" என்றாய்.

இந்த ஒரு வாக்கியத்துக்காகவே உன்னை அறைந்திருக்க வேண்டும். உன் கைக்குத் தெரிந்தது, உன் காதுக்குத் தெரிந்தது, தகரத்தில் உன் கண்ணே பார்த்தது. அத்தனைக்கும் மேலே ஒரு வெள்ளைக்காரன் கையில் இருந்த நாலு தாள் உனக்குப் பெரிதாகப் போயிற்று. போய்க் கழுவினாய், சுத்தமாகக் கழுவினாய்.

ஆறாம் நாள் சின்ன துரை ஈப்போவுக்குக் குதிரைப் பந்தயம் பார்க்கப் புறப்பட்டான். வழியில் எண்ணெய் பார்க்க நிறுத்தலாமா என்று நீ கேட்டாயாம், நேரமாகிறது என்றானாம். ஒரு மேட்டில் ஏறும்போது எஞ்சின் ஒரு கத்து கத்திவிட்டு நின்றுவிட்டது. இரும்பும் இரும்பும் கடித்துக்கொண்டன. வெள்ளைக் கால்சட்டையோடு அவன் உச்சி வெயிலில் செம்மண் ரோட்டில் நடந்தான். அதை நினைத்தால் இப்போதும் எனக்கு ஒரு சந்தோஷம் வருகிறது, மறைப்பானேன்.

மறுநாள் உன்னை ஆபீஸ் வராந்தாவில் நிறுத்தினார்கள். எஞ்சினைப் பிரித்துப் பார்த்தவன் என்பதால் என்னையும் கூப்பிட்டார்கள். "எண்ணெய் விஷயம் யார் பார்த்தது?" என்று பெரிய துரை கேட்டார். சின்ன துரை சுவரைப் பார்த்துக்கொண்டு சிகரெட் பற்றவைத்தான். அவன் பேசப்போவதில்லை என்று தெரிந்ததும் நான் வாயைத் திறந்தேன். அதற்குள் நீ தோளிலிருந்த துண்டை எடுத்துக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டாய். "நாந்தான் தொர. எண்ண கொறஞ்சத கவனிக்கல. தப்பு எம்மேல" என்றாய். சொல்லிக்கொண்டே வெறுங்காலின் குதியால் பின்னால் நின்ற என் கால் விரல்களை மிதித்து அழுத்தினாய். நானும் வாயை மூடிக்கொண்டேன்.

வெளியே வந்து விளக்கம் சொன்னாய். "நீ வாயத் தொறந்தா அந்தக் கெட்டி எண்ண எங்கேருந்து வந்துச்சுன்னு கேப்பாங்க. திருட்டுக் கேசு ஆயிரும். ஒன் வீட்டுல புள்ள வரப்போவுது. ஒருத்தன் போறதுக்கு ரெண்டு பேரு எதுக்கு லா?" யார் உன்னைக் கேட்டது? என் வாயை எனக்குப் பதிலாக மூடும் உரிமையை உனக்கு யார் கொடுத்தது? என் பிள்ளையைக் காட்டி என்னைக் கோழையாக்கிவிட்டு, அன்று சாயங்காலமே லயத்து வீட்டைக் காலி செய்து பெட்டியோடு போய்விட்டாய்.

போகும்போது பெரிய துரை உனக்கு இங்கிலீஷில் ஒரு கடுதாசி கொடுத்தார். வேலை பார்த்ததற்கு நற்சான்று என்று நீ நினைத்துக்கொண்டாய். உனக்கும் இங்கிலீஷ் படிக்கத் தெரியாது, எனக்கும் தெரியாது. மடிப்புக் கலையாமல் டின் டப்பாவில் வைத்து, ஈப்போவில் கார் வைத்திருந்த ஒவ்வொரு சீனத் தவுக்கே முதலாளியிடமும் பெருமையாக நீட்டினாய். எல்லாரும் படித்துவிட்டுத் தலையை ஆட்டி அனுப்பினார்கள். "நேரம் சரியில்ல மச்சான்" என்று என்னிடம் சொன்னாய். பல மாதம் கழித்து ஒரு கடைக் கணக்குப்பிள்ளைதான் இரக்கப்பட்டுச் சொன்னான்: எண்ணெய் பார்க்காமல் எஞ்சினைக் கெடுத்தவன், இவன் கையில் வண்டியைக் கொடுக்காதீர்கள் என்று எழுதியிருக்கிறதாம். அதற்குப் பிறகு நீ ஸ்டியரிங்கைத் தொடவில்லை. கோப்பெங் ஈயச் சுரங்கத்துக்கு மண் சுமக்கப் போனாய். மண் சரிந்தது.

உன்னை எடுத்துப் போட்ட அன்றைக்குத்தான் தோட்டத்தை விட்டேன். எடுத்த எண்ணெய்க்காக ஒருவரும் என்னைப் பிடிக்க வரவில்லை. நான் அன்று பேசியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று தெரியாது. ஒரு காலை மிதித்தால் வாய் பூட்டிக்கொள்ளுமா என்ன? பயந்தேன். உன்மேல் இவ்வளவு கோபப்படுகிறேனே, அதில் பாதி எனக்குச் சேர வேண்டியது. அந்தச் சின்ன துரை இப்போது பெரிய துரையாகிவிட்டான் என்று கேள்வி.

பாகான் செராய்க்காரரை உட்காரவைத்து, கூரையிலிருந்து சூடான தகரம் ஒன்றை இறக்கி, இரண்டு சொட்டு விட்டுக் காட்டினேன். கெட்டி எண்ணெய் ஊற்று, மண்ணெண்ணெய் போட்டுக் கழுவாதே, தினம் கம்பியைப் பார் என்றேன். அவருக்குப் புரிந்தது. ஆனாலும் புத்தகத்தை எடுத்துத் தடவிக்கொண்டே, "ஏதாச்சும் ஆயிருச்சுன்னா, யாரு சொல்லி மாத்துனேன்னு மொதலாளி கேப்பாரு அண்ணே" என்றார்.

"எம் பேரச் சொல்லு" என்றேன்.

அது போதாது என்று ஒரு சீட்டை எடுத்தேன். இந்த வண்டிக்குக் கெட்டி எண்ணெய் ஊற்றச் சொன்னது நான், வண்டிக்கு எது நேர்ந்தாலும் டிரைவரைக் கேட்காமல் என்னைக் கேளுங்கள் என்று தமிழில் எழுதி, கீழே என் பேரைப் போட்டேன். அவருக்கு அதை வாய்விட்டு ஒரு தரம் படித்துக்காட்டினேன். கிழட்டு வண்டியோடு வரும் எல்லா டிரைவருக்கும் இதை எழுதிக் கொடுக்கிறேன். ஒவ்வொரு தரம் பேரைப் போடும்போதும் என் கால் விரல்மேல் உன் குதிகால் வந்து அழுத்துகிறது.

காலை எடு மச்சான். நான் பேசணும்.