குமாருக்குப் போட்ட இலை

ஜூன் 29, 2003. ஞாயிறு. அமாவாசை.
விடாத மழை. வாசலில் கணுக்கால் அளவு தண்ணீர். வீட்டுக்காரருக்குச் சுக்குக் கிடங்கு லீவு. சாம்பார், அவியல், உளுந்து வடை, பாயசம். மூத்தவன் குமாருக்கு இலை போட்டேன். இருந்தால் இப்போது ஒன்பது வயது. நாலு வயதில் காய்ச்சலில் போனான். கடைசி நாள்வரை பசி, பசி.

காக்கைக்கு எடுத்து வைப்பதற்குள் சின்னவள் மீனு இலையை வழித்துவிட்டாள். ஐந்து வயது. என்னால் தூக்க முடியாத கனம். கை ஓங்கினேன். மாமா (அவருடைய அப்பா, என் அம்மாவின் அண்ணன்) கட்டிலிலிருந்து, "அடிக்காத. அவ இல்ல, அவன் சாப்புடுறான்."

ஒவ்வொரு அமாவாசையும் இதைத்தான் சொல்கிறார். நானும் இன்னொரு வடை வைத்தேன்.

ஜூலை 2, புதன்.
எறணாகுளம் ஆஸ்பத்திரி. போகும்போது போட்டில் ஒரு சேட்டன் கையிலிருந்த பழம்பொரியை, நம்மூர் வாழைப்பழ பஜ்ஜி மாதிரி, மீனு பிடுங்கித் தின்றாள். அவர் சிரித்தார். எனக்கு மானம் போயிற்று.

மீனுவின் ரத்த ரிசல்ட் வந்திருந்தது. டாக்டரம்மா மலையாளத்தில் சொன்னது, எனக்குப் புரிந்தவரை: உடம்புக் கொழுப்பிலிருந்து ஒரு ஹார்மோன் மூளைக்குப் போய் 'கையிருப்பு உண்டு, போதும்' என்று சொல்லுமாம். மீனுவுக்கு அது ஊறுவதே இல்லை. எவ்வளவு தின்றாலும் மூளைக்கு அவள் பட்டினி. காய்ச்சல் எளிதில் பிடிக்கும். இப்படியே விட்டால் வயசுக்கும் வரமாட்டாள். வெளிநாட்டு ஊசி வரவழைக்கலாம். தினமும்.

"கல்யாணம் சொந்தத்திலயா?"

"மாமா பையன்."

"மூத்த குட்டிக்கும் இதே பசிதானா?"

தலையாட்டினேன். கிளம்பும்போது மாமாவைப் பற்றியும் கேட்டேன், மூன்று கரண்டிக் கஞ்சிக்கு மேல் இறங்குவதில்லை என்று. வயதானால் குடல் சீக்கிரமே 'நிறைந்தது' என்று சேதி அனுப்பிவிடுமாம். ஒரே வீட்டில் இரண்டும்.

ஜூலை 3.
அப்படியானால் குமார் வரவே இல்லை. மீனு தின்றது எதுவும் அவனுக்குப் போகவில்லை. பசியோடு போனவன் பசியோடுதான் இருக்கிறான். டாக்டரம்மா மேல் கோபம். நியாயமில்லை, தெரியும்.

மாமாவிடம் சொன்னேன். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். பிறகு, "ஊசி போட்டா அவன் எங்க போவான்?"

ஜூலை 16.
ஊசி மருந்து வந்தாயிற்று. பக்கத்து வீட்டுச் சேச்சியின் ஃபிரிட்ஜில், மீன் தட்டுக்கு மேலே. நான் போய் எடுக்கவில்லை. வீட்டுக்காரர் கேட்டார். நாளைக்கு என்றேன். சேச்சியும் கேட்டாள். அவளுக்கும் நாளைக்கு.

ஜூலை 18.
காலையில் மீனுவுக்கு உடம்பு சுட்டது. குமாருக்கும் இப்படித்தான் தொடங்கியது. மழையில் செருப்பில்லாமல் ஓடி மருந்தை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரி. காய்ச்சலுக்கும் மருந்து, அந்த ஊசியும் ஆரம்பம். நர்ஸ் எனக்கு ஊசி போடக் கற்றுக்கொடுத்தாள். மனதுக்குள் குமாரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

ஜூலை 28. ஆடி அமாவாசை. இங்கே மலையாளிகளுக்குக் கர்க்கடக வாவு.
மழை. காய்ச்சல் விட்டு நாளாயிற்று. அதே சமையல். குமாருக்கு இலை. பக்கத்தில் மீனுவுக்குத் தட்டு.

அரை வடை தின்றாள். கொஞ்சம் சோறு. பிறகு தட்டைத் தள்ளினாள்.

"மதி, அம்மா." மலையாளத்தில் சொல்லிவிட்டுத் தமிழிலும்: "போதும்."

இந்த வீட்டில் எந்தக் குழந்தையும் சொல்லிக் கேட்காத வார்த்தை. அழுதேன். சந்தோஷம்தான். அது மட்டுமில்லை.

இலையை அவள் திரும்பிப் பார்க்கவே இல்லை. பொம்மையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். மழைக்குக் காக்கையும் வரவில்லை.

கட்டிலிலிருந்து மாமா: "அவன் சாப்புட்டானா?"

"சாப்பிட்டான் மாமா."

பாயசத்தில் ஆடை படிந்துவிட்டது. இலையை எடுக்க வேண்டும்.