ஓடையைப் பிடித்து இறங்கியவனுக்கு

நேற்று சோறு கொதித்துக்கொண்டிருக்கும்போதே கேஸ் தீர்ந்துபோனது. மாற்று சிலிண்டரும் காலி. பரணில் கிடந்த பித்தளைப் பம்ப் ஸ்டவ்வை இறக்கித் துடைத்து, அடைப்பெடுத்து, பக்கத்து வீட்டில் கெஞ்சி வாங்கிய மண்ணெண்ணெயை ஊற்றிப் பற்றவைத்தேன். முதலில் கரும்புகை. பிறகு அந்த நெடி. என் மனைவி முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டாள். மண்ணெண்ணெய் நெடி பட்டால் மற்றவர்களுக்கு ரேஷன் கடை ஞாபகம் வரும். எனக்குப் பனிமலைதான் ஞாபகம் வருகிறது.

கூடாரத்துக்குள் நீயும் நானும் குந்திக்கொண்டு, பானை நிறையப் பனிக்கட்டியைப் போட்டு உருக்கி, கடைசியில் ஆளுக்கு ஒரு தம்ளர் தண்ணீர் எடுப்போமே, அந்த ஸ்டவ்வும் இதே மாதிரிதான் இரைந்தது. "காவேரித் தண்ணியில பொறந்தவனுக்கு வந்த கதியப் பாத்தியாடா" என்று நீ பல் கிட்டிக்கச் சொன்னாய். அதை நினைத்துச் சிரித்துக்கொண்டே சோற்றைக் குழையவிட்டுவிட்டேன்.

அந்த மலைக்குப் போன நீ திரும்பி வரவில்லை. உன் உடலாவது வரட்டும், ஊர் மண்ணில் வைத்துவிடுகிறேன் என்று உன் அப்பா கேட்டார். அவர் கேட்டது அது ஒன்றுதான். அது நடக்கவில்லை. இனி நடக்கும் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

நம்மைப் போல் மலைக்குப் பொருந்தாத ஆட்களை அந்த மலையேற்றப் பயிற்சிப் பள்ளி அதற்கு முன் பார்த்திருக்காது. நான் தஞ்சாவூர் கீழவாசல்காரன். பெரிய கோயில் விமானத்தைவிட உயரமான எதையும் கண்டவனில்லை. உனக்குத் திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே, கண்ணுக்கு எட்டிய வரை வயல் தவிர வேறொன்றும் இல்லாத ஊர். கல்லூரியில் காக்கி உடுப்புப் போட்டுப் பயிற்சி எடுத்தவர்களில், ஓட்டத்தில் முந்திய இருவரை வடக்கே மலையேறப் பழகுவதற்கு அனுப்பினார்கள். நீ வெறுங்காலோடு ஓடி ஜெயித்தாய். நான் எப்படியோ உன் பின்னால் ஒட்டிக்கொண்டேன்.

அந்தக் காட்டை அரசாங்கம் இன்னும் மூடாத காலம் அது. மரங்கள் நின்றுபோய்ப் புல்வெளி தொடங்கும் உயரத்தில் நம் கூடாரம். அங்கிருந்து கிளம்ப மூன்று வழி. இடப்பக்கம் முகட்டு வழி; மேலே கணவாய்க்கும் கீழே ஊருக்கும் அதுதான். நீளமானது, காற்று ஆளைப் பிடுங்கும், ஆனால் கால் வைக்கும் இடம் தெரியும். நடுவில் கணவாய்க்கு ஏறும் பனியாற்று வழி. இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு, வெடிப்பு இருக்கிறதா என்று தடியால் குத்திப் பார்த்துப் பார்த்துப் போக வேண்டும். மூன்றாவதை வழி என்றே சொல்லக் கூடாது என்றார் பயிற்சியாளர். பனியாற்றின் அடியிலிருந்து கிளம்பும் ஓடை அது. பூக்களுக்கு நடுவே, நம் ஊர் வாய்க்கால் மாதிரி சாதுவாக இறங்கிப் போகும். கொஞ்ச தூரம் போனால் இரண்டு பக்கமும் பாறைச் சுவர், நடுவே தண்ணீர் பாதாளத்தில் விழுகிறது. இறங்கியவன் திரும்ப ஏற முடியாது.

பயிற்சி முடியும்போது அவர் எல்லோரிடமும் ஒரே கேள்வியைக் கேட்டார். மூடுபனியில் வழி தவறிவிட்டால் என்ன செய்வாய்? எல்லோரும் முகட்டுக்கு ஏறுவேன் என்றார்கள். நீ மட்டும் என் பக்கம் திரும்பி, இங்கிலீஷில் சொல்லிவிடு என்று சைகை காட்டிவிட்டுச் சொன்னாய்: "தண்ணி எந்தப் பக்கம் போவுதுன்னு பாப்பேன். அது போற பக்கமே போனா ஊரு வந்துரும். இதுல என்னடா யோசன வேண்டிக் கெடக்கு?"

நம் பக்கத்தில் அது சரிதான். ஆறு பிரிந்து வாய்க்காலாகி, வாய்க்கால் பிரிந்து எங்கே போனாலும் கடைசியில் ஒரு மதகு இருக்கும், மதகுக்குப் பக்கத்தில் நாலு வீடு இருக்கும். வெள்ளத்தில் வரப்பு தெரியாமல் தவித்தவர்கள் எல்லாம் அப்படித்தான் வீடு வந்து சேர்ந்தார்கள். நான் மொழிபெயர்த்துச் சொன்னதும் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். பயிற்சியாளர் சிரிக்கவில்லை. உன்னை ஓடை விழும் இடத்துக்கு அழைத்துப் போய், ஒரு கல்லைத் தூக்கிப் போடச் சொன்னார். கல் விழுந்த சத்தம் மேலே வரவே இல்லை.

ஆனால் கணவாயில் நின்ற அந்தக் காலையை நான் மறக்க மாட்டேன். அந்த வருஷம் உங்கள் ஊரில் கூலிச் சண்டை. கொடி பிடித்தவர்கள் தெருவுக்குள் போலீஸ் புகுந்திருந்தது. மிராசுதார் வரப்பில் உங்கள் ஆட்கள் நடக்கக் கூடாது என்று ஆள் நிறுத்தியிருந்தார்கள். நீ அந்தப் பனியில் இரண்டு காலையும் அகட்டி நின்று சுற்றிலும் பார்த்துவிட்டுச் சொன்னாய்: "இங்க எவன் வரப்பும் இல்லடா. எங்க கால வச்சாலும் ஏன்னு கேக்க ஒரு நாதி இல்ல." அதைச் சொல்லும்போது உன் முகம் இருந்த மாதிரி அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. உனக்கு மலைப் பைத்தியம் பிடித்தது அன்றைக்குத்தான்.

எனக்கு அலுவலக வேலை கிடைத்தது, கல்யாணம் ஆனது, மலை விட்டுப்போனது. நீ உன் ஊர்ப் பக்கமே வாத்தியார் ஆனாய். கோடை விடுமுறை விட்டால் போதும், கயிறும் மூட்டையுமாக ரயிலேறிவிடுவாய். வேறு வேலையே இல்லையா உனக்கு என்று நான் கேட்டால், "ஒனக்குத் தொப்ப விழுந்துருச்சு மாப்ள, வயித்தெரிச்சல்ல பேசுற" என்பாய். உண்மைதான், வயிற்றெரிச்சல்தான்.

கடைசி முறை உன்னோடு வந்தவர் ஒரு திருச்சிக்காரர். கணவாயைத் தாண்டித் திரும்பும்போது அவருக்கு நெஞ்சில் நீர் கோத்துக்கொண்டு மூச்சு முட்டியது. அவரைப் புல்வெளியில் கூடாரத்தில் படுக்க வைத்துவிட்டு, ஆள் கூட்டிவர நீ கிளம்பினாய். மூடுபனி இறங்கியிருந்தது. முகட்டு வழியாகத்தானே என்று அவர் கேட்டிருக்கிறார். "அது சுத்துங்க. அதுக்குள்ள ஒங்களுக்கு என்னமாவது ஆயிட்டா? தண்ணி சத்தம் கேக்குது, அதைப் பிடிச்சே எறங்கிடுறேன்" என்றாயாம். மறுநாள் ஆடு மேய்ப்பவர்கள் அவரைத் தூக்கிக்கொண்டு போய்ப் பிழைக்க வைத்துவிட்டார்கள். உன் கையுறை ஒன்று மட்டும் ஓடை விழும் இடத்தில் கிடந்தது. கயிறு கட்டி இறங்கிப் பார்த்தவர்கள் பாதியிலேயே ஏறிவந்துவிட்டார்கள்.

உன்மேல் எனக்கு இன்னும் கோபம் போகவில்லை. கல்லைப் போட்டுப் பார்த்தவன் நீ. தெரிந்தவன் நீ. அவசரத்தில் மனுஷனுக்குப் படித்ததெல்லாம் மறந்து, பிறந்த ஊர்தான் காலில் வந்து நிற்கிறது போலிருக்கிறது.

உன் அப்பா என் வீட்டுக்கு வந்தார். நாற்காலியில் உட்காரவில்லை. "அவனக் கொண்டாந்துருங்க தம்பி. குழியில வச்சுட்டன்னா அப்பறம் நான் பாத்துக்கிறேன்" என்றார். அந்தக் குழிக்குப் போகும் பாதைக்காக அவர் பட்டது எனக்குத் தெரியும். உங்கள் தெருவில் யார் செத்தாலும் வயல் வழியே தூக்கிப் போகக் கூடாது, பயிர் மிதிபடும் என்பார்கள். மார்பளவு வாய்க்கால் தண்ணீரில் பாடையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு போவீர்கள். அதைத் தட்டிக் கேட்டதற்குத்தான் அவர் கையை ஒடித்தார்கள், ஜெயிலிலும் போட்டார்கள். ஆட்சி மாறி, மனுமேல் மனு கொடுத்து, ஒருவழியாகத் தாசில்தார் வந்து சங்கிலி பிடித்துப் பாதை அளந்து கொடுத்தார். மண் கொட்டி மேடாக்கிய அந்தப் பாதையில் உன்னைத் தூக்கிப் போக வேண்டும் என்றுதான் அவர் வந்து நின்றார். தகப்பனுக்கு இப்படி ஒரு ஆசை வரக் கூடாது.

கோடை வரும்வரை காத்திருந்து நாங்கள் இருவரும் போனோம். அதற்குள் அந்தக் காட்டை மூடிவிட்டிருந்தார்கள். பூவும் புல்லும் மிருகமும் அழிந்துபோகிறதாம், இனி மனுஷன் உள்ளே போகக் கூடாதாம். அது தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். நாமே அங்கே எத்தனை செடியை வெட்டி அடுப்பெரித்திருக்கிறோம். வாசலில் நின்ற வனக்காவலர் நல்ல மனிதர்தான். டீ வாங்கிக் கொடுத்தார். விஷயத்தைக் கேட்டுக் கண் கலங்கினார். ஆனால் கேட்டைத் திறக்கவில்லை.

"என்ன தம்பி சொல்றாரு?" என்று உன் அப்பா கேட்டார்.

"புல்வெளி மிதிபடக் கூடாதாம்ப்பா."

அவர் அந்தக் கம்பிக் கேட்டின் மேல் கை வைத்துக்கொண்டு நின்றார். "நம்ம ஊர்ல பயிரு மிதிபடும்னானுவ. இங்க புல்லு மிதிபடும்ங்கிறாரு. செத்தவனுக்கு எங்க போனாலும் இதே பதில்தானா தம்பி?" அன்று ராத்திரியே தஞ்சாவூருக்கு ரயிலேறினோம்.

உடல் கிடைக்காதவர்களுக்குச் செய்கிற மாதிரி, வைக்கோலில் ஆள் உருவம் கட்டி, உன் சட்டையைப் போட்டுத் தூக்கிவிடலாம் என்று தெருவில் சொன்னார்கள். உன் அப்பாவுக்கு அப்படி ஒரு ஆத்திரம் வந்து நான் பார்த்ததில்லை. "வைக்கோலத் தூக்கித் தூக்கித்தான்டா என் ஆயுசே போச்சு. அதத் தூக்குறதுக்கா நான் பாத வாங்குனேன்?" என்று கத்தினார். அதன் பிறகு யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

சாகும்போது அவர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். தன்னை வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு ஆள் இடம் விட வேண்டும், அதை நான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று கேட்டார். "தம்பி சொன்னா கேப்பாங்க" என்றார். அப்படியே விட்டோம். உங்கள் தெருக்காரர்கள் மானஸ்தர்கள். இத்தனை வருஷமாக அந்த இடத்தில் யாரையும் வைக்கவில்லை. அங்கே போகும்போதெல்லாம் அதில் முளைத்திருக்கும் புல்லைப் பிடுங்கிவிட்டு வருவேன்.

போன மழையில் உங்கள் ஊரிலிருந்து போன் வந்தது. பிரசவத்தில் ஒரு பெண் இறந்துவிட்டாளாம். "சார், சுடுகாடு பூரா தண்ணி நிக்கிது. குழி தோண்டத் தோண்ட ஊறுது. ஒங்க கூட்டாளிக்கு விட்ட எடம் ஒண்ணுதான் மேடா இருக்கு. நீங்க வேணாம்னா வேணாம். என்ன செய்யட்டும், சொல்லுங்க" என்றார்கள். அந்தப் பக்கம் ஒரு குழந்தை அழுதுகொண்டிருந்தது. "வச்சுக்குங்க" என்று சொன்னேன். வேறு என்ன சொல்வது, நீயே சொல்.

இப்போது டிவியில் அடிக்கடி காட்டுகிறார்கள். பனி உருகுகிறதாம். எந்தக் காலத்திலோ காணாமல் போனவர்கள் எல்லாம், போட்ட உடுப்போடு அப்படியே வெளியே வருகிறார்களாம். முன்பெல்லாம் அந்தச் செய்தி வந்தால் கிட்டே போய் உட்கார்ந்து, ஒவ்வொரு முகமாகப் பார்ப்பேன். உன் இடத்தைக் கொடுத்த பிறகு, எழுந்து போய் அணைத்துவிடுகிறேன். இத்தனை காலம் நீ கிடைக்கவில்லையே என்று அழுதவன், இப்போது நீ கிடைத்துவிடுவாயோ என்று பயந்துகொண்டிருக்கிறேன்.