பதினான்கு முறை போன செய்தி

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. அம்மாவின் முழங்கால் வலியைத் தவிர இங்கே எல்லாம் நலம், நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போனில் குரல் ஏன் ஒரு மாதிரி இருக்கிறது என்று கேட்டாய், ஜலதோஷம் என்றேன். அது பொய் கண்ணு. உன்னிடம் பேச வாய் வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் ஓய்வுபெற்ற தபால்காரர் சங்கத்தின் முதல் உறுப்பினர், என்னோடு இருபது வருடம் ஒரே மேஜையில் கடிதம் பிரித்த சைக்கிள் அண்ணன், போன வாரம் தவறிவிட்டார். தொள்ளாயிரம் பேருக்கும் ஈமெயிலில் சொல்ல வேண்டியது செயலாளரான என் பொறுப்பு. நீ எழுதிக் கொடுத்த புரோகிராம் இருக்கிறதே என்று உட்கார்ந்தேன். மொத்தமாக அனுப்பினால் சர்வர் மறுத்துவிடும், ஐம்பது ஐம்பது பேராகத்தான் போகும், ஐம்பது முடிந்த பிறகுதான் யாருக்குப் போனது என்று குறித்துக்கொள்ளும், இடையில் கை வைக்காதீர்கள் என்று படித்துப் படித்துச் சொன்னாய். "ஒரு தடவை அழுத்திட்டு எழுந்து போயிடுங்கப்பா" என்று நீ எழுதிய சீட்டு இன்னும் சங்கத்துக் கம்ப்யூட்டரில் ஒட்டியிருக்கிறது. நான் எழுந்து போகவில்லை. திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது, சாயங்காலம் அடக்கம், பதற்றத்தில் பக்கத்தை மறுபடி திறந்து அழுத்தினேன், மறுபடியும், மறுபடியும். ஒவ்வொரு தடவையும் அது முதல் ஆளிடமிருந்தே தொடங்கியிருக்கிறது. முதல் ஆள் சைக்கிள் அண்ணன். அவர் முகவரியை எடுத்துவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. அவர் இறந்த செய்தி அவருக்கே பதினான்கு முறை போனது. முதல் ஐம்பது பேரைத் தாண்டாததால் அடக்கத்துக்கும் கூட்டமில்லை. முப்பத்தெட்டு வருடம் ஒரு கடிதத்தைக்கூட வீடு மாற்றிப் போடாதவன் நான்.

இதைவிடக் கேவலம் ஒன்று செய்தேன். கமிட்டியில் பொருளாளர் "என்னய்யா இது" என்று கேட்டதும் "என் பொண்ணு எழுதினது, அதுல ஏதோ கோளாறு" என்று சொல்லிவிட்டேன். எல்லாரும் தலையாட்டினார்கள். நீ பத்து நாள் லீவில் வந்து, அதில் நாலு நாளை அதற்கே கொடுத்தவள். அம்மா கேட்டுவிட்டு "பெத்த பொண்ணு மேல பழியப் போட்டுட்டு உங்களுக்கு எப்படிச் சாப்பாடு இறங்குது" என்றாள், இரண்டு நாளாகப் பேச்சில்லை. நேற்று சைக்கிள் அண்ணன் வீட்டுக்குப் போய் அண்ணியிடம் உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "மெயில் வந்து வந்து அவரு போன் மணி அடிச்சுக்கிட்டே இருந்துச்சு தம்பி, எழுந்து எடுப்பாருன்னு ஒவ்வொரு தடவையும் திரும்பிப் பாத்தேன்" என்றார். திட்டியிருக்கலாம்.

தவறு என் கையில்தான், என் மகளின் வேலையில் இல்லை என்று இன்று தொள்ளாயிரம் பேருக்கும் எழுதினேன். அண்ணன் முகவரியை எடுத்துவிட்டு, ஒரே தடவை அழுத்திவிட்டு, சங்கத்து வராந்தா பெஞ்சில் வந்து உட்கார்ந்து இதை எழுதுகிறேன். மூன்று மணி நேரம் ஆகும். எல்லாருக்கும் போய்ச் சேர்ந்ததா என்று தெரிய உன் முகவரியைக் கடைசியில் வைத்திருக்கிறாய். முதலில் உன்னிடம் சொல்லியிருக்க வேண்டியதைத் தொள்ளாயிரம் பேருக்குப் பிறகு நீ படிக்கப்போகிறாய். அதற்கும் அப்பாவை மன்னித்துவிடு.

பல் டாக்டரிடம் போவதைத் தள்ளிப்போடாதே. இருவரும் நீண்ட நாள் நிம்மதியாக இருங்கள்.

உள்ளே போய் எட்டிப் பார்க்காமல் உட்கார்ந்திருக்கும்,
உன் அப்பா