சாப்பிடாத தேள் மீன்

பாவா,

காலையில் ஃபிளாஸ்கில் வெந்நீர் ஊற்றி மூடும்போது உங்கள் மேல் கோபம் வந்தது. மீன் தொட்டிக்குள் கை விடுமுன் பக்கத்தில் வெந்நீர் இருக்க வேண்டும் என்பது நீங்கள் போட்ட சட்டம். தேள் மீனைப் பற்றி எனக்குச் சொல்லிவிட்டுப் போனது அது ஒன்றுதான். கட்டிக்கொண்ட பிறகும் நீங்கள் எனக்கு மாமன் மகன் பாவாதான். அந்த உரிமையில் திட்டுகிறேன்.

அதையும் நீங்களாகச் சொல்லவில்லை. கல்லை நகர்த்தப் போய், மீனின் முதுகு முள் உங்கள் விரலில் ஏறிய அன்றுதான் சொன்னீர்கள். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். என்ன கடித்தது என்று நர்ஸம்மா கேட்க, பல்லைக் கடித்துக்கொண்டு "தேள் மீனுங்க" என்றீர்கள்.

"தேளா, மீனா? ஏதாவது ஒண்ணு சொல்லுங்க."

அந்த வலியிலும் சிரித்தீர்கள். முள்ளின் விஷ வலி அடங்கும் என்று, பொறுக்கிற சூட்டில் வெந்நீர் கேட்டு வாங்கி, விரலை அதில் வைத்தபடி உட்கார்ந்திருந்தீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கடலே இல்லாத திருத்தணியில் உப்பைக் கரைத்து, அதில் விஷ மீனை வளர்ப்பானேன் என்று வழியெல்லாம் திட்டினேன். "அது பாட்டுக்கு கல்லு மாதிரி உக்காந்துகினு இருக்குது. உன்ன இன்னா பண்ணுது?" என்றீர்கள்.

இப்போது பண்ணுகிறது. உங்கள் பதினாறாம் நாள் காரியம் முடியும்வரை வீட்டில் யாருக்கும் அதன் நினைவே இல்லை. அதன்பிறகு தினமும் இறால் போடுகிறேன். மூக்குக்கு நேரே விழுந்தாலும் சீண்டுவதில்லை. அழுகுவதற்குள் நானே எடுத்து எறிகிறேன். இதை நீங்கள் வாங்கிய சென்னைக் கடைக்காரரையே திரும்ப எடுத்துக்கொள்ளச் சொன்னேன். "சாப்டுற மீனுன்னா எடுத்துக்கிறேன்க்கா. சாப்டாதத வச்சிகினு நான் இன்னா பண்றது?" என்றார். இன்னும் ஒரு வாரம் தாங்கினாலே அதிகமாம்.

எப்படி ஊட்டினீர்கள்? அதைத்தான் நான் பார்த்ததில்லை. கதவைச் சாத்திக்கொண்டுதான் போடுவீர்கள். சாத்தச் சொன்னதும் நான்தான். கிருத்திகையும் வெள்ளியும் பார்க்கிற வீட்டில் இந்த இறால் வேலை என் கண்ணில் படக் கூடாது என்றேன். மறுபேச்சுப் பேசாமல் சாத்திக்கொண்டீர்கள். ஒரு முறையாவது சண்டை போட்டிருக்கலாம். வந்து பாரு என்று கையைப் பிடித்து இழுத்துப் போயிருக்கலாம்.

இன்று கிருத்திகை. துக்க வருஷம் என்பதால் மலைக்குப் போகவில்லை. விரதத்தை மட்டும் விடவில்லை. தெருவில் காவடிகள் போய்க்கொண்டிருந்தன. நான் வெறும் வயிற்றோடு, ஈர்க்குச்சியில் இறாலைக் குத்தித் தொட்டிக்குள் நீட்டியபடி நின்றேன். பசியோ, ஆத்திரமோ, கை நடுங்கியது. தின்னு தொலை என்று வாய்விட்டே சொன்னேன். நடுக்கத்தில் இறால் உயிருள்ளதைப் போல் துடித்தது. கல்லாகக் கிடந்தது வாயைத் திறந்து மூடியது. குச்சியில் இறால் இல்லை.

அவ்வளவுதானா பாவா? ஆட்டிக் காட்ட வேண்டும். இதைச் சொல்ல ஒரு வார்த்தை போதாதா?

சாயங்காலம் கடைக்காரர் தானாகவே போன் செய்தார். ஏதாவது சாப்பிட்டதா என்று கேட்டார்.

"இல்லீங்க" என்றேன்.

விரத நாளில் வாய் கூசாமல் ஒரு பொய். அடுத்த இறாலை என்றைக்குப் போட வேண்டும் என்றாவது எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கலாம் நீங்கள்.