ஆதாரம் போதாது

அன்புள்ள மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே எனக்கும் அப்பாவுக்கும் உடம்புக்கு ஒரு குறையும் இல்லை, மனசுக்கு அப்பா மட்டும் நன்றாக இருக்கிறார். உனக்கு அந்த வறட்டு இருமல் விட்டதா, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா. வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை போனில் பேசுகிறோமே, இவளுக்கு இப்போது எதற்குக் கடிதம் என்று நீ நினைப்பாய். மூன்று ஞாயிறு வாய் திறந்தேன், மூன்று தடவையும் முழுங்கிவிட்டேன். குடும்பக் குழுவில் எழுதலாம் என்றால் அப்பா பாதி படிப்பதற்குள் கைதட்டுகிற படத்தைப் போட்டுவிடுவார். அதனால்தான் தாளும் பேனாவும்.

முதலில் வீட்டுச் சேதி. குளியலறைக் குழாய் ஒழுகுவதை அப்பா தானே சரி செய்கிறேன் என்று கிளம்பி, இப்போது இரண்டு குழாய் ஒழுகுகிறது. முப்பது வருஷம் பஸ் ஓட்டின மனுஷர், ஓய்வு பெற்ற பிறகு வீட்டையே ஓட்டிவிடலாம் என்று நினைக்கிறார். காலையில் எழுந்ததும் இந்த ஊரில் மழையா வெயிலா என்று பார்ப்பதில்லை, போனில் உன் ஊரில் மழையா என்றுதான் பார்க்கிறார். நேற்றுக்கூட ஜன்னல் வழியே வெயில் சுள்ளென்று அடிக்க, பாவம் பிள்ளை குடை எடுத்தாளோ என்னவோ என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தார். பக்கத்து வீட்டுக்காரர் இன்னமும் தன் வரிக் காகிதங்களைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருகிறார். நான் அந்த ஆடிட்டர் இல்லை, உணவுத் தொழிற்சாலைகளுக்குப் போய் எல்லாம் விதிப்படி சுத்தமாக நடக்கிறதா என்று பார்த்துத் தரச்சான்றிதழுக்கு அறிக்கை எழுதுகிறவள் என்று பதினாறு வருஷமாகச் சொல்கிறேன், அவர் தலையை ஆட்டிவிட்டு அடுத்த வருஷமும் வருகிறார். போன மாதம் அப்பா அவரிடம் என்ன சொன்னார் தெரியுமா, எங்க பொண்ணும் இப்ப அதே வேலைதான், இவளைவிடச் சூட்டிகை என்றார். நான் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தேன்.

இதை நான் சுற்றி வளைத்துச் சொல்ல வேண்டாம் கண்ணு. எனக்கு உன்மேல் பொறாமை. பெற்ற பிள்ளைமேல் எப்படி வரும் என்று நானும் கேட்டுப் பார்த்தேன், வந்திருக்கிறது. என்னை இந்த வேலைக்கு எடுக்கும்போது பிஸ்கட் தொழிற்சாலை லேபில் பன்னிரண்டு வருஷம் மாவு பரிசோதித்திருந்தேன். அதற்குப் பிறகு ஐந்து நாள் வகுப்பு, ஐந்தாம் நாள் மாலை பரீட்சை. அதில் நான் முதல் தடவை தேறவில்லை, அப்பாவுக்குக்கூட இன்றுவரை தெரியாது. பிறகு பயிற்சி என்ற பெயரில் ஒரு வருஷம் ஒரு பெரிய ஆடிட்டரின் பின்னால் கோப்பைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். தொழிற்சாலைக்காரர்களிடம் ஒரு கேள்வி கேட்க விட மாட்டார், கேட்டால் செருமுவார். தலைமை ஆடிட்டர் என்று கையெழுத்துப் போட எனக்கு நான்கு வருஷம் ஆனது. நீ ஆறு வருஷம் பால் தொழிற்சாலை லேபில் இருந்தாய், நம் நிறுவனத்தின் அந்த ஊர்க் கிளையில் சேர நீயாகவே விண்ணப்பம் போட்டாய், நேர்முகத்தில் ஒரு சமையற்கூடத்தின் புகைப்படத்தைக் காட்டிப் பத்து நிமிஷத்தில் என்னென்ன கேட்பாய் என்றார்களாம், பதினேழு கேள்வி சொன்னாயாம். இரண்டே வருஷத்தில் தலைமை ஆடிட்டர் வாசலில் வந்து நிற்கிறாய். விதிப் புத்தகம் புதிதாக மாறியபோது நம் எல்லோருக்கும் கம்ப்யூட்டரில் ஒரே வகுப்பு, ஒரே பரீட்சைதானே. நீ தொண்ணூற்று நான்கு எடுத்ததைக் குழுவில் போட்டாய். தேற எழுபது வேண்டும், நான் எடுத்தது அறுபத்தெட்டு. மறுபடி எழுத உட்கார்ந்திருந்தபோது அப்பா எட்டிப் பார்த்து, எதுக்கு இப்படி மண்டையை உடைச்சுக்கிற, சந்தேகம்னா பொண்ணுகிட்டயே கேட்டுக்கயேன் என்றார். அன்றைக்கு அவர் சாப்பாட்டில் உப்பே விழவில்லை.

இனிதான் நான் சொல்ல வந்தது. ஒருவர் எழுதின அறிக்கையை, பெயரை மறைத்து, வேறு ஊரில் இருக்கிற அனுபவமுள்ள ஒருவருக்கு அனுப்பிச் சரிபார்க்கச் சொல்வார்கள் என்று உனக்குத் தெரியும். இரண்டு வருஷமாக நானும் அப்படிச் சரிபார்க்கிறவள். தலைமை ஆடிட்டர் அனுமதிக்காக நீ தலைமை தாங்கிச் செய்த முதல் தணிக்கையின் அறிக்கை என்னிடம்தான் வந்தது. நீ எந்த இடம் என்று சொல்லாமல் போனில் சிரித்துச் சிரித்துச் சொன்னாயே, காலையில் நாற்பத்திரண்டு பேர் கை கழுவிவிட்டு உள்ளே போனதாகப் பதிவேட்டில் டிக், ஆனால் கை துடைத்த காகிதம் போடுகிற கூடையில் ஒரு துண்டுகூட இல்லை என்று. இரண்டாம் பக்கத்தில் அது இருந்தது. நாற்பத்திரண்டு என்று பார்த்ததுமே நீ என்று தெரிந்துவிட்டது. பதினாறு வருஷத்தில் நான் ஆயிரம் கை கழுவும் தொட்டியைப் பார்த்திருக்கிறேன், சோப்பு இருக்கிறதா, வெந்நீர் வருகிறதா, பதிவேட்டில் கையெழுத்து இருக்கிறதா என்று பார்த்திருக்கிறேன். கூடைக்குள் ஒரு தடவைகூடக் குனிந்து பார்த்ததில்லை. அதைப் படித்தபோது பெருமைதான் வந்திருக்க வேண்டும். வயிறுதான் எரிந்தது.

அந்த நிமிஷமே இது என் மகளுடையது, நான் பார்க்கக்கூடாது என்று திருப்பிக் கொடுத்திருக்க வேண்டும். செய்யவில்லை. அதற்கு முன்னாலேயே ஒரு தப்பு செய்திருந்தேன். வருஷா வருஷம் கொடுக்கிற படிவத்தில் நிறுவனத்தில் உறவினர் உண்டா என்று ஒரு கேள்வி வருமே, நீ சேர்ந்த பிறகும் போன வருஷத் தாளைப் பார்த்து இல்லை என்றே போட்டிருந்தேன். போன வருஷத் தாளைப் பார்த்து இந்த வருஷத்துக்கு டிக் போடுகிறவர்களை நான் எத்தனை தொழிற்சாலையில் கையும் களவுமாகப் பிடித்திருக்கிறேன் தெரியுமா. என் விஷயத்தில் அது சோம்பல்கூட இல்லை, உன் பெயரை அங்கே எழுத மனசு வரவில்லை. உன் அறிக்கையை மூன்று நாள் துருவினேன், ஒரு ஓட்டை இல்லை. கடைசியில் ஆதாரம் போதாது, கூடையை யாராவது காலி செய்திருக்கலாம் என்று எழுதித் திருப்பி அனுப்பினேன். முந்தின நாள் மாலைக்குப் பிறகு கூடையைக் காலி செய்யவில்லை என்று துப்புரவு செய்கிற அம்மாவிடம் கேட்டு, அவர் வேலைத் தாளையும் பார்த்து நீ அடுத்த வரியிலேயே எழுதியிருந்தாய். நீ விளக்கி மறுபடி அனுப்பினாய், நான் மறுபடியும் அதையே எழுதினேன். மூன்றாம் தடவையும் திரும்பினால் தலைமை ஆடிட்டர் அனுமதி ஒரு வருஷம் தள்ளிப்போகும் என்பது தெரியாமல் செய்தேன் என்று சொல்ல மாட்டேன்.

அந்த ஞாயிறு நீ அழுதாய். யாரோ வயித்தெரிச்சல் பிடிச்ச கிழம் எங்கயோ உட்கார்ந்துகிட்டு என் உயிரை வாங்குதும்மா என்றாய். பொறுமையா இரு, எல்லாம் சரியாகும் என்று நான் சமாதானம் சொன்னேன், என் வாயில் புழு வைக்க. வயித்தெரிச்சல் என்றது சரி, கிழம் என்றதுதான் கொஞ்சம் அதிகம். பிறகு நீ, எனக்கு இந்த வேலை வராதுபோல, பழைய லேபுக்கே போயிடறேன் என்றாய். அப்போது எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. ஒரு டம்ளர் தண்ணீர் குடிக்கிற நேரம் இருந்திருக்கும். உன்னுடைய அழுகையைவிட அந்த நிம்மதிதான் என்னைப் பயமுறுத்தியது.

அடுத்த நாளே போய் எங்கள் மேலாளரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எதைச் சொன்னாலும் ஒரு படிவத்தை எடுத்துக் கட்டம் கட்டமாக நிரப்பச் சொல்வாரே, அலுவலகமே கட்டம் என்று கூப்பிடுகிற மனிதர், அவர்தான். பாவம் மனுஷர், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, இதுக்கு எந்தப் படிவம்னே எனக்குத் தெரியலையேம்மா என்றார். கடைசியில் தொழிற்சாலைக்காரர்களுக்குக் கொடுக்கிற தவறு அறிக்கைப் படிவத்தையே கொடுத்தார். என்ன தவறு, எப்போது, மூல காரணம் என்ன. மூல காரணம் என்ற இடத்தில் எல்லோரும் கவனக்குறைவு என்றுதான் எழுதுவார்கள், அதை நான் ஒருநாளும் ஏற்றுக்கொண்டதில்லை, மறுபடி யோசித்து எழுதுங்கள் என்று திருப்பிவிடுவேன். என் கையும் முதலில் கவனக்குறைவு என்றுதான் எழுதியது. அடித்துவிட்டுப் பொறாமை என்று எழுதினேன். அவர் அதைப் பார்த்து, முன்னாடி எழுதினதையே வெச்சுக்கங்க, ஒரு எச்சரிக்கையோட முடிஞ்சிடும், இது விசாரணைவரைக்கும் போயிடும் என்று தணிந்த குரலில் சொன்னார். நல்ல மனுஷர். நான் அப்படியே கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டேன். சரிபார்க்கிற பொறுப்பு அன்றைக்கே போய்விட்டது, விசாரணை முடிகிறவரை தணிக்கைக்கும் போகக்கூடாது. பிறகு திரும்ப எடுத்துக்கொண்டாலும் யாராவது ஒரு சின்ன ஆடிட்டரின் பின்னால் நடந்து காட்டித்தான் ஆரம்பிக்க வேண்டும். அவர் செருமாமல் இருந்தால் சரி.

உன் அறிக்கையை வேறொருவருக்குக் கொடுத்திருக்கிறார்கள். யார் என்று எனக்குத் தெரியாது, தெரியவும் கூடாது. நீ எழுதியிருப்பது தேறும். அம்மாவாகச் சொல்லவில்லை, குறை கண்டுபிடிக்க மூன்று நாள் தேடி ஏமாந்தவளாகச் சொல்கிறேன். விசாரணைக்காக உன்னிடமும் எழுத்தில் கேட்பார்கள். அம்மா முகத்தைப் பார்த்து ஒரு வரியும் பூசி மெழுகாதே, நடந்ததை நடந்தபடி எழுது. அப்பாவிடம் இதை நானே சொல்கிறேன், எனக்கு இரண்டு நாள் அவகாசம் கொடு. என்மேல் கோபம் வந்தால் போனில் கத்து, பேசாமல் மட்டும் இருந்துவிடாதே. வேலையை விடுகிற பேச்சை இனி எடுக்காதே, வெறும் கூடைக்குள் குனிந்து பார்க்கத் தோன்றுகிறவர்கள் இந்தத் தொழிலில் அதிகம் பேர் இல்லை.

நீ நீண்ட ஆயுளோடு, கை கால் சுகத்தோடு, ஆயிரம் தொழிற்சாலை வாசல் ஏறி இறங்கி, தலை நிமிர்ந்து வாழ வேண்டும். இருமலுக்கு வெந்நீரே குடி. அனுமதிக் கடிதம் உன் கைக்கு வருகிற அன்று எனக்கு மறுபடியும் வயிறு எரியும், அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். எரிந்தாலும் பரவாயில்லை. அன்றைக்கு முதல் போன் எனக்குத்தான் வர வேண்டும், அப்பாவுக்கு இல்லை.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவள்